நிலை சரியில்லை

மேல்கூரைக்கு வெள்ளையடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அண்ணாந்தே பிழைத்த மனிதருக்குத் தலைகுனியும் காலம் வந்தது. கையைத் தூக்கினால் விரல்கள் மரத்தன. உள்ளங்கை வெளுத்து, சுவருக்கும் கைக்கும் வித்தியாசம் தெரியாமல் போனது. ஒருநாள் ஏணி மேலிருந்து பிரஷ் நழுவி விழுந்தது. அடுத்தது நாம்தான் என்று இறங்கி வந்தவர் மறுபடி ஏறவில்லை.

டாக்டர் அவர் கையை உயர்த்திப் பிடித்து நாடி பார்த்தார். நாடி அடங்கிப் போயிருந்தது. கையை இறக்கியதும் திரும்பி வந்தது. கழுத்தடியில் காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே நரம்பும் ரத்தக்குழாயும் நசுங்குகின்றன என்றார். நல்லவேளை, ஸ்கேனில் அடைப்பு எதுவும் இல்லை. தினமும் உடற்பயிற்சி செய்யவேண்டும், அதற்கும் சரியாகாவிட்டால் ஆபரேஷன் என்று சொல்லி, செய்முறைத் தாளைக் கூட வந்த மனைவியிடம் கொடுத்து அனுப்பினார்.

அவர் ஒன்றும் செய்யவில்லை. போன கை போனதுதான் என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். மனைவி சொல்லிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், பிறகு வாயை மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடினால் ஆபத்து என்பது இத்தனை வருஷத்தில் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை, கதவு நிலையைத் தடவியபடி நின்றாள்.

"நிலை சரியில்லைங்க. நாளுக்கு நாள் மோசமாகுது."

"தச்சரைக் கூப்பிடு."

"கூப்பிடலாம். அதுவரைக்கும் நீங்க கொஞ்சம் தாங்குங்களேன். ரெண்டு பக்கமும் முழங்கையை ஊனி, ஒரு காலை முன்னால வச்சு, நெஞ்சைத் தள்ளி நில்லுங்க. நான் பெருக்கிட்டு வந்துடறேன்."

நின்றார். நிலை ஆடுவதாகவே தெரியவில்லை. மரத்த கைக்கு என்ன தெரியப்போகிறது என்று அதற்கும் தன்னையே நொந்துகொண்டார். காலையும் மாலையும் அவள் பெருக்கினாள், அவர் தாங்கினார். வாரங்கள் போயின. தச்சர் வந்தபாடில்லை.

அடுத்த முறை டாக்டர் கையை உயர்த்தியபோது நாடி அடங்கவில்லை. பயிற்சியை ஒழுங்காகச் செய்திருக்கிறீர்கள் என்று பாராட்டினார்.

"ஒண்ணுமே செய்யல டாக்டர். கதவு நிலையைத் தாங்கிட்டு நின்னேன், அவ்வளவுதான்."

டாக்டர் மனைவியைப் பார்த்தார்.

"நிலை சரியில்லைன்னுதான் சொன்னேன்," என்றாள் அவள். "கதவுன்னு சொன்னேனா?"

ஏணி ஏற இன்னும் சில மாதம் ஆகுமாம். வீட்டுக்கு வந்ததும் அவர் யாரும் சொல்லாமலே போய் நிலையில் கைகளை ஊன்றினார். அவள் அடுப்படியிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"முழங்கையை இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க."