மகேந்திர பாபுவின் நாற்காலி

“இது கெட்டியா?”

மாப்பிள்ளையின் அம்மா ஜகதாம்பாள் காமுவிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். கேட்டது கையிலிருந்த பித்தளைத் தம்ளரைப் பற்றி. நகத்தால் சுண்டிப் பார்த்த பிறகுதான் பாலைக் குடித்தாள். அடுத்தபடி ஜமுக்காளத்தின் ஓரத்தை இழுத்துப் பார்த்தாள். பவானிபூர் வாடகை வீட்டின் சுவரைக்கூட ஒரு தட்டுத் தட்டினாள்.

“எந்தச் சாமான் எங்காத்துக்கு வந்தாலும் நாள்பட உழைக்கணும்.”

காமு நாற்காலியைத் தாங்கிக்கொண்டிருந்தாள்.

அது பக்கத்து வீட்டு மகேந்திர பாபுவின் நாற்காலி. மாப்பிள்ளை ராஜாராமன் கிடர்பூர் துறைமுக ஆபீஸில் வேலை பார்ப்பவர். கால்சராயோடு வருவார், தரையில் உட்கார வராது என்று தகவல் வந்ததால் அப்பா சீதாராமன் இரவல் வாங்கி வந்தார். வரும்போது வாசற்படியில் இடித்து, பின்கால் ஆடியது. அப்பா ஆணி அடித்தார், கால் பிளந்தது. அம்மா மீனாக்ஷி அதைக் கொடிக்கயிற்றால் அடுத்த காலோடு இழுத்துக் கட்டினாள். அந்தக் காலும் ஆட ஆரம்பித்தது. கயிறு தெரியாமல் பட்டுத் துண்டைப் போர்த்தும்போது வாசலில் குதிரைவண்டி நின்றது.

“பின்னாடி நின்னு பிடிச்சுக்கோடீ. விட்டுடாதே, மானம் போயிடும்!”

போன மாதம்தான் காமுவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியிருந்தார்கள். இந்த இடம் குதிராவிட்டால் பூஜா லீவுக்குப் பிறகு திரும்பப் போகலாம் என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார்.

ராஜாராமன் உட்கார்ந்தார். கனத்த சரீரம்.

“பொண்ணு ஏன் பின்னாடியே நிக்கறா?” என்றாள் ஜகதாம்பாள்.

“வெட்கம், மாமி.”

“வெட்கம்னா கதவுக்குப் பின்னாடின்னா நிப்பா? என் பிள்ளைக்குப் பின்னாடியா?”

“பாட்டுப் பாடுவா!” என்றாள் மீனாக்ஷி அவசரமாக.

காமு பாடினாள். ராஜாராமன் தலையை ஆட்டி ரசித்தார். அவர் ஆட, நாற்காலி ஆட, காமுவின் குரலும் நடுங்கியது.

“கமகம் நன்னா விழறது,” என்றார் அவர்.

“சரி, வந்து நமஸ்காரம் பண்ணட்டும்,” என்றாள் ஜகதாம்பாள்.

அம்மா கண்ணாலேயே ‘வேண்டாம்’ என்று கெஞ்சினாள். காமு பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொண்டாள். கையை எடுத்துவிட்டாள்.

மாப்பிள்ளை ஜமுக்காளத்தில் மல்லாந்தார். கால்சராய் கெட்டியில்லை என்பது கூடம் முழுக்கக் கேட்டது.

அவ்வளவுதான், புத்தகப் பையைத் தூசி தட்டலாம் என்று காமு நினைத்தாள்.

ஜகதாம்பாள் கயிற்றைப் பார்த்தாள். பிளந்த காலைப் பார்த்தாள்.

“இத்தனை நாழி இது எப்படி நின்னுது?”

“குழந்தைதான் தாங்கிண்டிருந்தா, மாமி,” என்றாள் மீனாக்ஷி, அழாத குறையாக.

“இவனையா? பாடிண்டேவா?”

ஜகதாம்பாள் எழுந்து வந்து காமுவின் மணிக்கட்டை அழுத்திப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

“கெட்டிதான்! முகூர்த்தம் பார்த்துடலாம்.”

வந்ததிலிருந்து வாய் திறக்காமல் மூலையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ஜகதாம்பாளின் நாத்தனார் சாவித்ரி, தலையை நிமிர்த்தாமலேயே சொன்னாள்:

“இவனோட மூத்த தாரத்தோட கையையும் இப்படித்தான் அழுத்திப் பார்த்தேள், மன்னி. ரெண்டாமவளையும் கெட்டின்னுதான் சொன்னேள். வருஷம் திரும்பறதுக்குள்ளே ரெண்டும் போய்ச் சேர்ந்துடுத்துகள்.”

காமு அப்பாவைப் பார்த்தாள். அம்மாவும் அவரைத்தான் பார்த்தாள்.

சீதாராமன் குனிந்தார். உடைந்த காலை எடுத்தார், கயிற்றை அவிழ்த்து ஒழுங்காகச் சுற்றினார், பட்டுத் துண்டை உதறி மடித்து வைத்தார். பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, இரண்டு பேரையும் ஏறிட்டுப் பார்க்காமல், மகேந்திர பாபு வீட்டுக்குப் போய்விட்டார்.