இடியன் அண்ணையின் புகையிலைக் கடை

லண்டன் மாநகரத்தில் பஸ்ஸைப் பதுங்கிப் பிடித்த ஒரே மனிதர் இடியன் அண்ணைதான். மற்றவர்கள் நிறுத்தத்தில் வரிசையாக நின்று ஏறுவார்கள். அவர் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மூக்கை நிமிர்த்திப் பார்ப்பார். பிறகு மரத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்று, பஸ் கிட்ட வந்ததும் ஒரே பாய்ச்சலில் ஏறுவார். சாரதிமார் பாதிப்பேர் பயத்தில் அவரிடம் டிக்கெட்டே கேட்டதில்லை.

எண்பதுகளின் நடுவில் ஸ்ட்ரெதமில் மூன்று அறை வீடொன்றில் ஒன்பது பேர் இருந்தோம். பத்தாவதாக வந்து சேர்ந்தவர் அவர். வந்த பாஸ்போர்ட்டில் யாரோ ஒரு பல்வைத்தியரின் பெயர் இருந்தது. சொந்தப் பெயரைக் கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வாயைத் திறந்தால் இடியன் கதைதான் வரும் என்பதால் அதுவே பெயராகிவிட்டது.

இடியன் என்பது வன்னியில் கொல்லர் செய்யும் நாட்டுத் துவக்கு. குழல் வாய்க்குள் வெடிமருந்தைக் கொட்டி, தேங்காய்த் தும்பை அடைத்து, ஈயத்தைப் போட்டு, நீளக் கம்பியால் இடித்து இறுக்க வேண்டும். அண்ணையின் இடியன் அவருடைய பாட்டனார் காலத்தது. அதை வைத்துக்கொண்டு மாங்குளத்துப் பக்கக் காட்டில் முப்பது வருடம் மானும் பன்றியும் சுட்டு வீட்டுக்குக் கறி கொண்டுவந்தவர்.

அந்தப் பழக்கத்தை அவர் விமானத்தில் ஏறும்போது இறக்கிவைக்கவில்லை. கடையில் வாங்கிய கோழியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஈயம் பட்ட துளை இல்லை என்று சமைக்க மறுத்தார்.

"இது எப்பிடிச் செத்தது எண்டு தெரியாமல் என்னெண்டு தின்னுறது?"

ட்ரஃபால்கர் சதுக்கத்துக்கு ஒருநாள் கூட்டிப்போனோம். சிலைகளை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, புறாக்களுக்குத் தீனி போடும் வெள்ளைக்காரரை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தீனி போடுறாங்கள், சரி. எப்ப சுடுவாங்கள்?"

சுடமாட்டார்கள் என்றேன். பஸ் ஏறும்வரை அவர் புறாக்களை எண்ணிக்கொண்டே வந்தார்.

இனி என் பெருமையைச் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் நான்தான் கேஸ் எழுதுகிறவன். கம்பஸில் ஒரு வருடம் படித்தவன் என்பதால், அகதி விண்ணப்பத்துக்கான கதையை எல்லாருக்கும் நானே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். ஒருநாள் காலை சமையலறையில் அண்ணையை உட்கார வைத்து, என்ன நடந்தது என்று கேட்டேன்.

"முதல் இயக்கப் பெடியள் வந்து, துவக்கைத் தா எண்டு பறிச்சுக்கொண்டு போட்டாங்கள். பிறகு ஆமி வந்து, துவக்கு எங்கை எண்டு அடிச்சான். இல்லாத துவக்கை நான் எங்கை போய் எடுக்கிறது? திரும்பி வருவம், துவக்கு இல்லாட்டி உன்ரை உயிர் எண்டாங்கள். மனிசியையும் பிள்ளையையும் அவவின்ரை தாய் வீட்டிலை விட்டிட்டு வந்திட்டன். விசா கிடைச்சால் அதுகளை இஞ்சை எடுக்கலாம்தானே தம்பி?"

"ஓம் அண்ணை, எடுக்கலாம். ஆனால் துவக்குக் கதையை விடுங்கோ."

"ஏன்?"

"துவக்கு எண்ட சொல்லைக் கண்டால் உங்களைப் பயங்கரவாதி எண்டுடுவாங்கள். நீங்கள் புகையிலைக் கடை வைச்சிருந்தனீங்கள். கடையை எரிச்சுப்போட்டாங்கள். விளங்குதோ?"

அண்ணை என்னை ஒருமாதிரிப் பார்த்தார். "தம்பி, எனக்குப் புகையிலை போடத்தான் தெரியும்" என்றார். அது காணும் என்றேன். எனக்கு அப்போது வயது இருபத்துமூன்று, எல்லாம் தெரியும். அந்தப் புகையிலைக் கடையை அதற்கு முன் வீட்டிலும் வெளியிலுமாகப் பத்துப் பேருக்கு வைத்துக் கொடுத்திருந்தேன். அண்ணையுடையது பதினோராவது கிளை.

குடிவரவு நேர்முகத்துக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் அண்ணைக்கு நோர்பரியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் வேலை கிடைத்தது. அங்கேதான் கென்ட் துரையைப் பிடித்தார். துரை என்பது அண்ணை வைத்த பெயர். ஆள் கென்ட் பக்கம் பண்ணை வைத்திருந்த எழுபது வயது விவசாயி. அவருடைய கார்ப் பின்சீட்டில் நீளமான தோல்பெட்டியைக் கண்டதும் அண்ணை பெட்ரோல் குழாயை அப்படியே விட்டுவிட்டுப் போய், தன்னிடமிருந்த ஆங்கிலம் முழுவதையும் செலவழித்தார்.

"பவுடர் ஃப்ரன்ட் புட்? மீ ஆல்சோ."

துரையின் பாட்டனார் காலத்து இரட்டைக் குழல் துவக்கு அது. அதுவும் வாயால் மருந்து போட்டு இடிக்கிற சாதிதான். அடுத்த ஞாயிறு எங்களுக்குப் பண்ணைக்கு அழைப்பு வந்தது. நான் மொழிபெயர்ப்பாளன்.

துரை பறக்கும் புறாக்களை மட்டும் சுட்டார். ஆறு வெடி, ஆறு புகை மண்டலம், ஒரு இறகும் விழவில்லை. பிறகு துவக்கை அண்ணையிடம் நீட்டினார். அண்ணை அதை வாங்கிய விதத்தை என்னால் மறக்க முடியாது. தூக்கக் கலக்கத்தில் இருக்கும் குழந்தையை வாங்குவதுபோல் வாங்கினார். மருந்தைக் கண்ணால் அளந்தார். காது கொடுத்துக் கேட்டபடி கம்பியால் இடித்தார். எண்ணிப் பார்த்தேன், ஒன்பது இடி. பிறகு யாரோ இனாமாகக் கொடுத்த கோட்டு சூட்டோடு சேற்றில் குப்புறப் படுத்துவிட்டார்.

ஒன்றரை மணி நேரம் அசையவில்லை. வேலியில் ஒரு புறா வந்து உட்கார்ந்தது. சுடவில்லை.

துரைக்குப் பொறுக்கவில்லை. உட்கார்ந்திருக்கும் பறவையைச் சுடுவது கனவான்களுக்கு அழகில்லை என்று என் காதில் சொன்னார். நான் தவழ்ந்துபோய் மொழிபெயர்த்தேன்.

"அப்ப அது பறந்து வந்து சட்டிக்கை விழுமோ?" என்றார் அண்ணை, தலையைத் திருப்பாமல். "பேசாமல் கிட. மற்றது வரட்டும்."

மற்றது வந்தது. இரண்டும் ஒரே நேர்கோட்டில் வந்த கணத்தில் துவக்கு வெடித்தது. புகை விலகியபோது வேலிக்குக் கீழே இரண்டும் கிடந்தன. துரை தொப்பியைக் கழற்றினார்.

"இந்த மனிதர் விளையாட்டுக்குச் சுட்டவரில்லை. வீட்டில் பசித்திருந்தவர்களுக்காகச் சுட்டவர்" என்றார் என்னிடம்.

ஒரு பிற்பகலில் அந்தக் கிழவருக்கு விளங்கியது, ஒரு வருடம் ஒரே சட்டியில் சாப்பிட்ட எனக்கு விளங்கவில்லை. விளங்கியிருந்தால் திங்கட்கிழமையே ஓடிப்போய் அந்தப் புகையிலைக் கடையை மூடியிருப்பேன்.

நேர்முகம் நடந்தது. என் பத்துப் புகையிலைக் கடைக்காரரில் நாலு பேரை அதே அதிகாரிதான் விசாரித்திருந்தார். யாழ்ப்பாணப் புகையிலையை எப்படிப் புகையில் போட்டுப் பதப்படுத்துவது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அண்ணையிடம் அதைக் கேட்டார். "வெய்யிலிலை காயப்போடுறது" என்றார் அண்ணை. ஒரு சிப்பம் என்ன விலை என்று கேட்டார். அண்ணை யோசித்துவிட்டு, "ஆளைப் பொறுத்தது" என்றார். இரண்டு மாதத்தில் நிராகரித்துக் கடிதம் வந்தது.

அப்பீலில் உண்மையைச் சொன்னார். கென்ட் துரை தன்னிடம் இருந்த ஒரே நல்ல சூட்டைப் போட்டுக்கொண்டு சாட்சிக்கு வந்தார். துவக்கை உள்ளே விடமாட்டார்கள் என்று இடிக்கும் கம்பியை மட்டும் கொண்டுவந்தார். வாசலில் அதையும் பறித்துக்கொண்டார்கள். கம்பி இல்லாமல் வெறுங்கையால் இடித்துக் காட்டினார் கிழவர். "இவர் பொய் சொல்லலாம், இவருடைய கைகளுக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்றார். அங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. நான் சிரித்திருந்தால் அழுதிருப்பேன்.

தீர்ப்பு ஒரே வரி. இவரிடம் இரண்டு கதைகள் இருப்பதால் எதையும் நம்புவதற்கில்லை. என் கதைதான் அவருடைய கதையைத் தின்றது. கெட்டித்தனம் என்று நினைத்து நான் செய்த அந்த ஒரு வேலையில் ஒரு மனிதனின் குடும்பம் கடலுக்கு அந்தப் பக்கம் நின்றுபோனது.

ஊரில் சண்டை நடந்ததால் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. ஃபைல் எங்கேயோ தூங்கியது. நான் குட்மேய்ஸில் வீடு வாங்கினேன், மனைவியைக் கூப்பிட்டேன். எங்கள் வீட்டு முன்னறையில் அண்ணை மகளின் படத்தைக் காட்டும்போதெல்லாம் அவள் வளர்ந்துகொண்டே போனாள். ஒன்பதாவது வருடம், அண்ணை இந்த நாட்டிலேயே தங்கலாம் என்று கடிதம் வந்தது. அதற்குள் மகளுக்குப் பத்தொன்பது வயது. பெரிய பிள்ளையை எடுக்க ஏலாது என்றார்கள். குமரைத் தனியே விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அண்ணையின் மனைவி எழுதினா.

தங்கலாம் என்று கடிதம் வந்த பிறகுதான் அண்ணை ஊருக்குத் திரும்பிப் போனார். விமான நிலையத்தில் நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். முடிக்க விடவில்லை.

"விடு தம்பி. நீ கெடுதி நினைச்சு எழுதேல்லை. துவக்கில்லாத ஒரு மனிசனாய் என்னை ஆக்கிப் பாத்தாய். அது நல்ல மனம்தானே."

நாலு அறை அறைந்திருந்தால் இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவேன்.

அதன் பிறகு வன்னியிலிருந்து ஒரு கடிதமும் இல்லை. அந்தப் பக்கம் போய்வந்தவர்களைக் கேட்டேன். தெரியாது என்கிறார்கள். அன்று காலை சமையலறையில் அவர் சொன்னதை எழுத வேண்டும் என்று இத்தனை வருடம் கழித்து உட்கார்ந்திருக்கிறேன். அண்ணை, இந்தமுறை நீங்கள் சொன்னபடியேதான் எழுதியிருக்கிறேன், ஒரு சொல்லும் மாற்றவில்லை.