சரத்தே வீட்டில் தமால் வேகாத நாள்

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள் இவர்கள் மட்டுமே: எதெல்மிரா சரத்தே; அவள் தம்பி அபுந்தியோ; அபுந்தியோவின் மனைவி சோக்கோரோ; அவர்கள் மகள் செனாய்தா; செனாய்தாவைப் பெண் கேட்டு வந்த சவூல்; சவூலின் தாயார் தொமித்திலா அம்மாள்; வழக்கம்போலச் சோள மடல் கொண்டுவந்த பக்கத்து வீட்டுக் கடிகாரக்காரர் நிகானோர்; பிறகு, எதெல்மிராவுக்குச் சித்தப்பா என்ற முறையில், நான். தேவாலய வாசலில் நின்று இந்தக் கதையைச் சொல்லித் திரிகிற எவரும் அன்று எங்கள் கொல்லையில் கால் வைக்கவில்லை என்பதை முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன்.

"இன்னும் ஒட்டுது" என்றாள் எதெல்மிரா.

அவள் கையில், சோள மடலில் மாவைச் சுற்றி ஆவியில் வேகவைக்கும் தமால் ஒன்று பிரித்தபடி இருந்தது. வெந்திருந்தால் சோளமாவு மடலை விட்டு வழுக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். இது மாமியார் வீட்டுக்குப் போக மறுக்கும் பெண்ணைப் போல மடலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கொல்லையில், காற்றுக்குத் தகரம் மறைத்த பெரிய கேஸ் அடுப்பின் மேல் பானை காலையிலிருந்து உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் குட்டை நாற்காலியில் நிகானோர், தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முன்கூடத்தில் தொமித்திலா அம்மாள் காத்திருந்தார். அவர் சொல்லியனுப்பியிருந்தது ஒரே வாக்கியம்: "கந்தேலாரியா திருநாள் அன்று உங்கள் வீட்டில் தமால் சாப்பிட்டுவிட்டு என் பதிலைச் சொல்கிறேன்." சவூல் வடக்கே வேலைக்குக் கிளம்ப வேண்டியவன். இன்று பதில் கிடைக்காவிட்டால் அப்புறம் எப்போது என்று யாருக்கும் தெரியாது. செனாய்தாவை வளர்த்தது எதெல்மிராதான். கல்யாணம் ஆகாதவள் அந்த வீட்டில் ஒருத்தி போதும் என்பது அவள் தீர்மானம்.

எங்கள் ஊரில் தமால் வேகாவிட்டால் யாரும் மாவைக் குறை சொல்வதில்லை. வீட்டில் யாரோ மனதுக்குள் கோபத்தை வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். கோபத்தைக் கண்டுபிடித்துச் சமாதானம் செய்யும்வரை வேகாது. இது தொமித்திலா அம்மாளுக்கும் தெரியும். கோபம் ஒளிந்திருக்கும் வீட்டில் எந்தத் தாய் சம்பந்தம் செய்வாள்?

எதெல்மிரா முதலில் காதைத் தீட்டினாள். பானையின் அடியில் ஒரு காசு போட்டிருந்தது. தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்வரை அது கடகடவென்று ஆடும்; வற்றினால் நின்றுவிடும். இப்போது சத்தமில்லை.

"தண்ணி வத்திப்போச்சு" என்று ஒரு குடம் ஊற்றினாள். காசு அதற்கும் பேசவில்லை. பானைதான் இன்னும் ஆறிப்போயிற்று.

பிறகு பானையின் இரண்டு காதுகளிலும் சோள மடலால் முடிச்சுப் போட்டாள். அதுவும் எங்கள் வழக்கம். பிறகு பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பானையைச் சுற்றி ஆடினாள். ஆடிக்கொண்டே சோக்கோரோவைப் பார்த்தாள்.

"உண்மையைச் சொல்லு. கோபமா?"

"எனக்கென்ன கோபம், அண்ணி?"

"மூஞ்சி அப்படி இருக்கு."

"கல்யாணம் ஆன நாள்லேருந்து இதே மூஞ்சிதான்."

"சோக்கோரோ, பொண்ணோட வாழ்க்கை இந்தப் பானைக்குள்ள இருக்கு."

சோக்கோரோ கரண்டியைக் கீழே வைத்தாள். "சரி, கேட்டீங்க, சொல்றேன். நான் சூப்பு வச்சுட்டு அந்தப் பக்கம் திரும்பினா, நீங்க இந்தப் பக்கம் உப்பு போடறீங்க. வந்த வருஷத்துலேருந்து பார்த்துட்டுத்தான் இருக்கேன்."

"பத்தலேன்னா போட மாட்டாங்களா?"

"பத்தாதுதான். நீங்க எப்படியும் போடுவீங்கன்னு நான் போடறதேயில்லையே!"

"அப்போ இத்தனை வருஷமா உன் சூப்பைப் புகழ்ந்தவங்க எல்லாம் என் உப்பைத்தான் புகழ்ந்தாங்களா?"

இருவரும் குரலை உயர்த்திப் பேசினார்கள். பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நிகானோர் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டு குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டினார்.

எதெல்மிரா இன்னொரு தமாலைப் பிரித்தாள். முன்னதைவிடப் பச்சையாக இருந்தது.

சத்தம் கேட்டு அபுந்தியோ வந்தான். "மெதுவாப் பேசுங்க. சம்பந்தியம்மா நாற்காலி நுனிக்கே வந்துட்டாங்க."

"இன்னும் சம்பந்தி ஆகல. தமால் வேகல. நீ சொல்லு, என் மேல கோபமா?"

"கோபம்னு இல்ல அக்கா..."

"இல்லன்னு இழுத்தா இருக்குன்னு அர்த்தம்."

அபுந்தியோ நோட்டரி அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். எதையும் சாட்சி இல்லாமல் சொல்ல மாட்டான். என்னை ஒரு தடவை பார்த்தான். "அம்மா மோலே அரைச்சு நீ பார்த்திருக்கியா?"

மிளகாயும் சாக்லேட்டும் சேர்த்து அரைத்த எங்கள் வீட்டு மோலேக் குழம்பைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. ஆயர் வந்தால் அதுதான் பரிமாறுவோம். அன்றைய தமாலுக்குள்ளும் அதுதான் இருந்தது.

"எப்படிப் பார்க்கிறது? கதவைச் சாத்திக்கிட்டுத்தானே அரைப்பாங்க! குடும்ப ரகசியம்."

"கதவைச் சாத்திக்கிட்டுத் தூங்குவாங்க, அக்கா. நான் மூடி போட்ட வாளியோட பஸ் ஏறி, சோலூலா சந்தையிலேருந்து வாங்கிட்டு வருவேன். வெளிய சொன்னா தோலை உரிச்சிடுவேன்னாங்க. எல்லாரும் உன்னைப் பார்த்து அம்மா கைமணம், அம்மா கைமணம்னு சொல்றப்ப எல்லாம், வாளி தூக்கினவன் இங்க நிக்கறேன்னு எனக்குள்ள..."

எதெல்மிரா அடுப்படித் தகரத்தைப் பிடித்துக்கொண்டாள். "சாகும்போது என் காதுல சொன்னாங்களேடா! எதை முதல்ல வறுக்கணும், எதைக் கடைசியில போடணும்னு..."

"அப்போ தோணினதைச் சொல்லியிருப்பாங்க."

"அப்போ நான் இத்தனை வருஷமா அரைக்கிறது?"

"அது உன்னோடது, அக்கா. முழுக்க முழுக்க உன்னோடது." அபுந்தியோ தலையைக் குனிந்துகொண்டான். "வாங்கினதைவிட நல்லாவும் இருக்கு."

அழுவதா அடிப்பதா என்று எதெல்மிராவுக்குத் தெரியவில்லை. கரண்டியை ஓங்கியபடியே அழுதாள்.

என் அண்ணியை, அதாவது எதெல்மிராவின் தாயாரைப் பற்றிய இந்தச் செய்தியை நான் எழுத்தில் வைப்பதற்குக் காரணம் ஒன்றே. ஊரில் இதைவிட மோசமாகச் சொல்கிறார்கள்.

"சோலூலாவுல எந்தக் கடை?"

எல்லோரும் திரும்பினோம். கதவருகே பட்டுச் சால்வையோடு தொமித்திலா அம்மாள் நின்றார். பின்னால் செனாய்தாவும் சவூலும்.

மானம் போனது போனதுதான் என்று அபுந்தியோ சொல்லிவிட்டான். "சந்தை நடுவுல, நீலத் துணிப் பந்தல். தங்கப் பல்லு கட்டின ஒரு அம்மா."

தொமித்திலா அம்மாள் பட்டுச் சால்வையோடு அப்படியே கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அது எங்கம்மா."

சவூல் அம்மாவின் அருகே வந்து நின்றான்.

"சந்தையில மோலே வித்தவ மகள்னு இந்த ஊர்ல யாருக்கும் தெரியாது. என் பையனுக்கே தெரியாது" என்றார் அவர். "போன மாசம் மூணு ராஜாக்கள் திருநாள்ல உங்க வீட்டுல இனிப்பு ரொட்டி வெட்டினீங்களே, பொம்மையைக் காணோம்னு தேடினீங்களே..."

தேடினோம். ரொட்டிக்குள் இருக்கும் பீங்கான் பொம்மை யார் துண்டில் வருகிறதோ, அவர்தான் கந்தேலாரியாவுக்குத் தமால் செய்ய வேண்டும். மற்ற வருஷங்களில் அது எங்கள் வீட்டார் துண்டில்தான் வரும், எதெல்மிரா செய்துவிடுவாள். அன்று பொம்மையே அகப்படவில்லை. பொம்மை இல்லாத ரொட்டியை விருந்தினருக்குக் கொடுத்தோம் என்ற பெயர் வராமல் இருக்க, எதெல்மிராதான் முன்வந்து தமால் என் பொறுப்பு என்றாள்.

"என் துண்டுலதான் இருந்துச்சு. நாக்குக்கு அடியில வச்சுக்கிட்டேன். நான் தமால் பண்ணினா, தின்ன வாய் எல்லாம் இது சோலூலா சந்தைக் கைன்னு சொல்லிடுமே!"

அன்று மாலை முழுவதும் அவர் வாயே திறக்கவில்லை என்பது எனக்கு நினைவுக்கு வந்தது. பெரிய மனுஷி, அளந்து பேசுகிறார் என்று நாங்கள் மதித்திருந்தோம்.

"அம்மா," என்றான் சவூல், "பாட்டி சந்தையில வித்தா என்ன? எனக்குச் சந்தோஷம்தான்." சொல்லிவிட்டுச் செனாய்தாவைப் பார்த்தான். செனாய்தா அவனைக் கிள்ளினாள். கிள்ளியது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"இப்ப நீங்க ரெண்டு பேரும் என்ன?" என்றாள் எதெல்மிரா.

"ஒண்ணுமில்ல, அத்தை."

"செனாய்தா. பானை."

"நவம்பர்லயே பதிவுக் கல்யாணம் பண்ணிட்டோம், அத்தை."

அபுந்தியோ கத்தினான். தொமித்திலா அம்மாளும் கத்தினார். நோட்டரி அலுவலகத்தில் இருக்கிற தனக்கே தெரியாமல் பதிவா என்று அவன். வாக்குக் கொடுக்கப் பட்டுச் சால்வை போர்த்திவந்த தன்னை என்னவென்று நினைத்தீர்கள் என்று அவர். இரண்டு சம்பந்திகளும் ஒரே கருத்தில் இருந்தது அதுவே முதல் முறை. கத்தலில் பக்கத்துத் தெரு நாய்கள்கூட விழித்துக்கொண்டன. யாரும் பானைப் பக்கம் பார்க்கவில்லை. எல்லோரும் அடுத்தவர் முகத்தில்தான் கோபத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நிகானோரின் காலணிக் கயிறு மறுபடி அவிழ்ந்துவிட்டது போலும், பாவம், குனிந்துகொண்டிருந்தார்.

கத்தி ஓய்ந்ததும் தொமித்திலா அம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "சரி. தேவாலயத்துல நடக்கிறது இன்னும் பாக்கி இருக்கு. அதுக்கு என் வாக்கைத் தரேன். ஆனா தமால் வேகட்டும். வேகாத வீட்டுல வாக்குக் கொடுத்தா எங்கம்மா கல்லறையில திரும்பிப் படுப்பா."

எனவே எல்லோரும் எல்லோரையும் கட்டிக்கொண்டார்கள். சுற்றி நின்று ஆடினார்கள். நானும் ஆடினேன், என் வயதுக்குத் தகுந்த அளவில்.

எதெல்மிரா மூடியைத் திறந்தாள். ஒன்றைப் பிரித்தாள்.

ஒட்டியது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"சித்தப்பா?"

"எனக்கு எவர்மீதும் கோபமில்லை" என்றேன். "இருந்தால் அப்போதைக்கப்போதே தெரிவித்திருப்பேன்."

அதை எவரும் மறுக்கவில்லை.

எதெல்மிரா பிரித்த தமாலைத் திரும்ப மடலில் சுற்றிப் பானைக்குள் வைத்தாள். செனாய்தா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் எதெல்மிரா பாவாடையில் கையைத் துடைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அப்போ நான்தான்" என்றாள். "எனக்குத்தான் கோபம். பொண்ணுக்காகச் சொல்லிடறேன், யாரும் சிரிக்கக் கூடாது."

யாரும் சிரிக்கவில்லை.

"ஒரு மனுஷன் இருக்கார். ஒவ்வொரு கந்தேலாரியாவுக்கும் சோள மடல் கொண்டுவருவார். ஒண்ணுகூடக் கிழிஞ்சிருக்காது. ஈரத்துணியில சுத்தி, அளவு பார்த்து அடுக்கி. 'குளிரா இருக்கு, எதெல்மிரா'ன்னு சொல்வார். உட்கார்வார். சாப்பிடுவார். 'நல்லா இருந்தது, எதெல்மிரா'ன்னு எழுந்து போவார். அடுத்த வருஷம் வரைக்கும் அவ்வளவுதான். ஊர்ல இருக்கிற கடிகாரத்தையெல்லாம் ஓட வைக்கிறார். தான் மட்டும் ஓட மாட்டேங்கறார்! எனக்கு முடி நரைச்சுப்போச்சு. கோபம் வராதா?"

எல்லாத் தலையும் குட்டை நாற்காலியின் பக்கம் திரும்பியது.

நிகானோர் எழுந்தார். தொப்பி கீழே விழுந்தது, எடுக்கவில்லை. முகம் மோலேவின் நிறத்துக்கு வந்திருந்தது. மெல்லக் குனிந்து, தகர மறைப்புக்குப் பின்னால் கையை விட்டார். சிலிண்டரின் திருகு கிறீச்சிட்டது. அடுப்பு குப்பென்று பிடித்து எரிந்தது. சற்று நேரத்தில் பானைக்குள் காசு கடகடவென்று ஆடத் தொடங்கியது.

"உங்க தமால் வருஷா வருஷம் சரியா வெந்துடுது, எதெல்மிரா" என்றார் அவர். "வெந்துட்டா யாரும் யாரையும் மனசுல என்னன்னு கேட்கிறதேயில்ல. அதான் இந்த வருஷம் அடுப்பை நான் தணிச்சு வச்சேன்."

அன்று சரத்தே வீட்டில் விருந்தாளியை உட்காரவைத்துவிட்டுக் கேஸ் தீர்ந்துபோனதாக ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். சிலிண்டர் நிறைய இருந்தது. ஈஸ்டர் கழிந்து எங்கள் வீட்டில் நடந்த இரண்டு கல்யாணங்களுக்கும் அதிலேயே காப்பி போட்டோம்.