துண்டுக்குள்ளே கேட்ட கேள்வி

அன்றைக்கு எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். சந்தைக்குப் போய் ஒரு ஆளிடம் ஒரு கேள்வி கேட்டு, பதிலை வாங்கிக்கொண்டு அக்கா ஊட்டுக்குப் போக வேண்டும்.

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். நான் மாட்டுத் தரகன். பள்ளிக்கூடம் போனது பதினேழு நாள். மீதியெல்லாம் சந்தையில் உதை வாங்கிப் படித்தது. எனக்குக் கோபம் வரும் என்று ஊரில் சொல்வார்கள். பொய். வருவதில்லை, இருந்துகொண்டே இருக்கும்.

என் அக்கா நல்லம்மாளின் மகள் பாவாயிக்கு ஜலகண்டாபுரத்தில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். பேர் செங்கோடன். நூல் கடை வைத்திருந்தான். வயது முப்பத்திரண்டு. குடி கிடையாது, சீட்டு கிடையாது, அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டான். வெள்ளிக்கிழமை நிச்சயம்.

அக்காவுக்கு ஒரு சந்தேகம்.

"ஏழு பொண்ணு பாத்து ஏழையும் வேண்டாம்னாராமாடா. அவங்க ஆத்தா கெணத்துல உழுந்துருவேன்னு நின்ன பொறவுதான் நம்ம புள்ளைக்குத் தலையாட்டியிருக்கறாரு. பொம்பளைக மேல நாட்டமே இல்லைன்னு ஒரு பேச்சு அடிபடுது. பள்ளிபாளையத்துக்காரர் ஒருத்தரோடதான் சேத்தியாம்."

"சேத்தின்னா?"

"அதுக்கு நான் வெளக்கம் வேற சொல்லோணுமா? போய் என்னன்னு கேட்டுட்டு வா. என்ற புள்ளயோட வாழ்க்கைடா. ஆனா பக்குவமாக் கேளு."

பக்குவமாக! என்னிடம்!

"ஏன், உன்ற ஊட்டுக்காரரைக் கேக்கச் சொல்றது?"

"உங்க மாமன் கேட்டா ஊருக்கே கேக்கும். நீ தாய்மாமன். பேசியே பொழைக்கிறவன். உன்னால ஆகாதா?"

ஆகாதா என்று கேட்டால் எனக்குப் பொறுக்காது. கிளம்பிவிட்டேன்.

வழியெல்லாம் யோசித்தேன். மாடு என்றால் பல்லைப் பிடித்துப் பார்ப்பேன், சுழி பார்ப்பேன், வாலைத் தூக்கிப் பார்ப்பேன். எந்த மாடும் சங்கடப்பட்டதில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு எனக்கு ஒரு நல்ல வார்த்தைகூடத் தெரியாது. தெரிந்த நாலு வார்த்தையும் சண்டையில் வைவதற்கு உள்ளவை. அதில் ஒன்றைச் சொல்லிக் கேட்டால் அக்கா சொன்ன பக்குவம் வராது.

சந்தையில் ஒரு காளைக்குப் பக்கத்தில் செங்கோடன் அவன் அப்பாவோடு நின்றிருந்தான். அப்பாவுக்கு வண்டிக்கு ஒரு காளை வேண்டும். என்னைப் பார்த்ததும் கை எடுத்துக் கும்பிட்டான்.

"வாங்ண்ணா. நல்லாருக்கறீங்களா?"

அவன் அப்பா இன்னொரு மாட்டுக்குக் கொம்பு பார்க்க அந்தப் பக்கம் போனார். இதுதான் சமயம் என்று பக்கத்தில் போய், எனக்குத் தெரிந்த பாஷையிலேயே ஆரம்பித்தேன்.

"தம்பி, மனசுல வெச்சுக்காம சொல்லோணும். நீங்க உழவு மாடா, வண்டி மாடா?"

செங்கோடன் காளையைத் திரும்பிப் பார்த்தான்.

"எனக்கு அதெல்லாம் தெரியாதுங்ண்ணா. அப்பாவைக் கேட்டுச் சொல்றேனுங்க."

"அப்பாவைக் கேக்காதீங்க!"

"ஏனுங்ண்ணா? அவருக்குத்தானுங்க தெரியும்?"

"அவருக்குத் தெரியாதுங்க!"

"அம்பது வருசமா மாடு கட்டறாருங்க."

சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. நான் ஒரு ஆளோடு நின்று பேசினாலே சண்டை வரும் என்று நாலு பேர் வேடிக்கை பார்க்க வந்துவிடுவார்கள்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

சந்தையில் மாட்டு விலையை வாயால் சொல்வதில்லை. வாங்குகிறவர் கையும் தரகன் கையும் ஒரு துண்டுக்குள்ளே போகும். எந்த விரலைப் பிடிக்கிறோம், எத்தனை தடவை அழுத்துகிறோம் என்பதுதான் விலை. பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது.

ஊர் முன்னால் சொல்ல முடியாததைச் சொல்லத்தானே துண்டு! கட்டை விரலைப் பிடித்தால் பொம்பளை. சுண்டு விரலைப் பிடித்தால் ஆம்பளை. பேச்சே வேண்டாம். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

இந்தக் கணக்கை அவனுக்கும் சொல்ல வேண்டும் என்பது மட்டும் தோன்றவில்லை.

தோளில் இருந்த துண்டை எடுத்து அவன் கைமேல் போட்டேன். உள்ளே கையை விட்டு அவன் கையைப் பிடித்தேன். காதோரம் குனிந்து, என்னால் முடிந்த அளவு பக்குவமாகச் சொன்னேன்.

"தம்பி, உங்களுக்குப் பொம்பளைக மேல நாட்டமில்லைன்னு கேள்விப்பட்டேன். நான் தப்பாவே நெனைக்கலீங்க. யாருக்கும் தெரிய வேண்டாம். நமக்குள்ள இருக்கட்டும். உங்க மனசுல இருக்கறதை விரல்ல சொல்லுங்க."

சொல்லிவிட்டு, அவனுக்கு எடுத்துக்கொடுப்பதற்காகச் சுண்டு விரலை மெதுவாக ஒரு அழுத்து அழுத்தினேன்.

செங்கோடன் என்னைப் பார்த்தான். காது சிவந்துபோச்சு. கையை உதறவில்லை. துண்டுக்குள்ளேயே என் புறங்கையை ரெண்டு தட்டுத் தட்டினான், அழுகிற குழந்தையைத் தட்டுகிற மாதிரி.

"அண்ணா, நீங்க நல்ல மனுசருங்க. மனசு விட்டுக் கேட்டீங்க. அதுக்கே பெரிய தைரியம் வேணுமுங்க. ஆனா வேண்டாமுங்ண்ணா."

"என்ன வேண்டாம்?"

"நமக்குள்ள ஒத்து வராதுங்க."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆச்சு. புரிந்ததும் உச்சந்தலை வரை கோபம் ஏறிவிட்டது. அந்தக் கோபத்தில் நான் கேட்டிருக்க வேண்டியது ஒன்று. வாயில் வந்தது வேறு ஒன்று.

"ஏன், எனக்கென்ன கொறைச்சல்?"

"கொறைச்சல் ஒண்ணுமில்லீங்க. எனக்கு வேற ஆளு இருக்குதுங்க. பள்ளிபாளையத்துல சாயப்பட்டறை வெச்சிருக்கறாரு. பதினோரு வருசமாச்சுங்க."

"யோவ்! எனக்குச் சம்சாரம் இருக்குதுய்யா! மூணு புள்ளைக!"

"தெரியுமுங்க. அதனாலதான் நீங்களும் நல்லா யோசிச்சுக்கோணும்கிறேன்."

புத்தி வேறு சொல்கிறான்!

காளைக்குச் சொந்தக்காரர் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, படிஞ்சுதுங்களா?"

"படியலே!" என்று கத்தினேன்.

"நாஞ் சொன்ன வெலையிலயே கொஞ்சம் கொறைச்சுக்கலாமுங்க."

"வெலையே பேசலீங்க! போங்க அந்தப் பக்கம்!"

அவர் போனதும் செங்கோடனின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி சொன்னேன்.

"எனக்காகக் கேக்கலேய்யா. பாவாயியோட தாய்மாமனாக் கேட்டேன். வெள்ளிக்கெழமை நிச்சயம் வெச்சிருக்குதே, அந்தப் புள்ளைக்காகக் கேட்டேன்."

அவன் கையை உருவப் பார்த்தான். நான் விடவில்லை.

"அப்ப நான் இப்பச் சொன்னது..."

"என்ன சொன்னீங்க? காளை கத்துன சத்தத்துல ஒண்ணுமே காதுல உழுகலே."

காளை சத்தமில்லாமல் அசைபோட்டுக்கொண்டிருந்தது.

செங்கோடன் குனிந்தபடி மெல்லப் பேசினான். "அந்தப் புள்ளைய ஏமாத்தோணும்னு எனக்கு இல்லீங்ண்ணா. மூணு நாளாச் சோறு எறங்கலே. நான் வேண்டாம்னா ஆத்தா கெணத்துக்குப் போவுது. நீங்க வேண்டாம்னு சொல்லிப்போடுங்க."

"நாங்க சொன்னா ஏன்னு கேப்பாங்களே. உங்க பேரு போயிருமே."

"அப்ப என்னதானுங்க பண்றது?"

வாழ்க்கையில் முதல் தடவையாக என் குணம் உதவிக்கு வந்தது.

"எனக்குக் கோபம் வந்தா, ஏன் வந்துச்சுன்னு இதுவரைக்கும் எவனும் கேட்டதில்லை. பேசாம நில்லுங்க."

அவன் அப்பா சிரித்த முகமாகத் திரும்பி வந்தார். "வாங்க சம்மந்தி ஊட்டுக்காரரே!" என்று வெற்றிலைப் பையை நீட்டினார். சுண்ணாம்பு டப்பியைத் திறந்தேன். உள்ளே சுண்ணாம்பு நல்ல ஈரமாகத்தான் இருந்தது.

"காஞ்ச சுண்ணாம்பை நீட்டறீங்களே! பொண்ணு குடுக்கறவங்கன்னா அவ்வளவு எளக்காரமா?"

"இல்லீங்களே, காலையிலதான் தண்ணி ஊத்தினேன்..."

"அப்ப நான் பொய் சொல்றனா? சுண்ணாம்புக்கே இப்படின்னா நாளைக்கு எங்க புள்ளைக்குச் சோறு போடுவீங்களா? உங்க சம்மந்தமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்!"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். பின்னால் ஒரு குரல், "ஆரம்பிச்சுட்டாருடா" என்றது. ஒருத்தர்கூட ஆச்சரியப்படவில்லை. எனக்கே அது கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

அக்கா ஊட்டுக்குப் போவதற்குள் சேதி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. அக்கா வாசலிலேயே நின்றாள்.

"சுண்ணாம்புக்காடா சண்டை புடிச்ச?"

"ஆமா."

"நான் கேக்கச் சொன்னதைக் கேட்டியா, இல்லியா?"

"கேக்கறதுக்குள்ள கோபம் வந்துருச்சு."

"பக்குவமாக் கேளுன்னு சொன்னதுக்கா இந்த வேலை பண்ணிட்டு வந்த! உன்ற வாயால என்ற புள்ள கண்ணாலமே நின்னு போச்சேடா!"

ஒரு நாழிகை வைதாள். நான் எதிர்த்துப் பேசவில்லை. அது ஒன்றுதான் அவளுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். பாவாயி மட்டும் உள்ளே இருந்து மோர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். சொம்பு தளும்பத் தளும்ப. நான் போனால் அரைச் சொம்புக்கு மேல் என்றைக்கும் வராது.

அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு கடைசியாகக் கேட்டாள். "மாப்பிள்ளை என்னதான்டா சொன்னாரு? நம்ம பாவாயியை வேண்டாம்னாரா?"

"அவளை ஒரு கொறையும் சொல்லலே அக்கா. என்னைத்தான் வேண்டாம்னாரு."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அது செரி. உன்னை எவன்டா வேணும்பான்?"

என்னை நான் சந்தைக்கு விற்கக் கொண்டுபோகவே இல்லை. அதற்குள் ரெண்டு பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள்.