தேவதாஸ் வண்டியில் ஒரு சத்தம்

“ஏக்ஹுஹா அம்ஹி?”

கோவிந்தராசு மேஸ்திரி கேட்டது என்னவோ “கேக்குதா தம்பி?” என்றுதான். முழ நீளத் திருப்புளி ஒன்றின் மரப்பிடியைப் பல்லில் கடித்துக்கொண்டு கேட்டதால் பாதி எழுத்துகள் வாயைவிட்டு வெளியே வரவில்லை. திருப்புளியின் மறுமுனை தேவதாஸின் ரேஸ் பைக் என்ஜின்மேல் ஊன்றியிருந்தது. என்ஜின் அலறிக்கொண்டிருந்தது. முதலியார்பேட்டையில் அந்தத் தெரு நாய்கள் எல்லாம் ஏற்கெனவே அடுத்த தெருவுக்குக் குடிபோயிருந்தன.

தேவதாஸ் வண்டியை அணைத்தான். “என்ன சொல்றீங்க மேஸ்திரி?”

மேஸ்திரி திருப்புளியை வாயிலிருந்து எடுத்தார். “உள்ள ஒரு சத்தம் தம்பி. கிட் கிட் கிட்டுன்னு. ஏதோ ஒண்ணு லூஸா ஆடுது.”

“எனக்கு ஒண்ணும் கேக்கலையே.”

“நீ காதால கேக்கற. அதான்.”

“நேத்துதான மேஸ்திரி என்ஜினைக் கட்டி முடிச்சீங்க?”

“கட்டி முடிச்சேன். இப்ப அவுக்கப் போறேன்.”

காதால் கேட்பவர்களைக் கோவிந்தராசு மெக்கானிக் என்றே சேர்த்துக்கொள்வதில்லை. மில்லில் இருபது வருஷம் மெஷின் மேஸ்திரியாக இருந்தவர் அவர். நூற்றுக்கணக்கான தறிகள் ஒன்றாக அடிக்கிற இடத்தில் காது எதற்கும் உதவாது. அதனால் அங்கே மேஸ்திரிகள் எல்லாம் திருப்புளியின் பிடியைப் பல்லில் கடித்து, முனையை மெஷினில் வைத்து, மண்டை எலும்பு வழியாகக் கோளாறைக் கண்டுபிடிப்பார்கள். எந்தத் தறியில் எந்த பேரிங் தேய்கிறது என்று கடித்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார் கோவிந்தராசு. மில்லை மூடிய பிறகு அந்தத் திருப்புளியும் அந்தப் பெருமையும்தான் அவரோடு வீட்டுக்கு வந்தன. இரண்டையும் வைத்து ஒரு ஷெட் போட்டார்.

ஷெட்டுக்கு இதுவரை வந்ததெல்லாம் மொபெட்டும் ஆட்டோவும்தான். தேவதாஸ் கொண்டுவந்ததுதான் முதல் ரேஸ் வண்டி. அவன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா. பிள்ளை ஆபீஸ் வேலைக்குப் போவான் என்று அவர் நினைத்தார், பிள்ளை வண்டி ஓட்டக் கிளம்பிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை லாஸ்பேட்டை விமான ஓடுதளத்தில் ரேஸ். தேவதாஸ் ஜெயித்தால் தங்கள் வண்டிகளையும் மேஸ்திரியிடமே விடுவதாக இன்னும் நான்கு பேர் சொல்லியிருந்தார்கள். அது நடந்தால் ஷெட் நிமிர்ந்துவிடும். நடக்காவிட்டால் சேதராப்பட்டில் ஏதாவது கம்பெனி வாசலில் வாட்ச்மேன் ஸ்டூல் காத்திருந்தது. மேஸ்திரிக்கு ஸ்டூலில் உட்கார்ந்து பழக்கமில்லை.

ஆகவே என்ஜினை அவிழ்த்தார். பிஸ்டனைப் பார்த்தார். ரிங்கைப் பார்த்தார். எல்லாம் சுத்தமாக இருந்தன. சுத்தமாக இருந்ததுதான் அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

“இந்தப் பிஸ்டன் யோக்கியன் மாதிரி நடிக்குது,” என்றார்.

புதுப் பிஸ்டன் போட்டார். புதுப் பிஸ்டன் பழைய சிலிண்டருக்குள் போக மறுத்தது. லேத்துக்குக் கொண்டுபோய் துளையைப் பெரிசாக்கிவந்தார். மாட்டி, ஓடவிட்டு, திருப்புளியைக் கடித்தார்.

“இக்கு,” என்றார். இருக்கு என்று அர்த்தம்.

தேவதாஸ் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து தயங்கித் தயங்கிச் சொன்னான். “மேஸ்திரி, கோவிச்சுக்காதீங்க. மொதல்ல சீறிக்கிட்டு போச்சு. இப்ப முக்குது.”

“புதுப் பிஸ்டன் தம்பி. புதுச் செருப்பு கடிக்கத்தான் செய்யும். அது பழகிடும். அந்தச் சத்தம்தான் எமன். பிஸ்டன்ல இல்லன்னா அதைக் கோத்திருக்கற பின்னுல இருக்கும்.”

பின்னை மாற்றினார். சத்தம் இருந்தது. பின்னில் இல்லாவிட்டால் கிராங்க்கில் இருக்கும் என்று கிராங்க்கை உருவி, மெட்ராசுக்கு பஸ் ஏறி, புது பேரிங் ஏற்றிக்கொண்டு மடியில் வைத்தபடியே திரும்பினார். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டது தனிக் கதை. மாட்டிக் கடித்தார். சத்தம் இருந்தது. முன்னைவிட நன்றாகவே இருந்தது.

இப்போது வண்டி முக்குவது மட்டுமில்லாமல் இருமவும் ஆரம்பித்திருந்தது. தேவதாஸ் எதிரே குந்தித் தலையைச் சொறிந்தான்.

“எனக்கு அந்தச் சத்தமே கேக்கல மேஸ்திரி. இருமல்தான் கேக்குது.”

“இருமல் தெரிஞ்ச வியாதி. அதுக்கு கார்புரேட்டர்ல மருந்து இருக்குது. இது தெரியாத வியாதிடா தம்பி!”

பக்கத்து டீக்கடை ராஜாம்பாள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, குந்தியிருந்த இரண்டு பேரையும் பார்த்தாள்.

“ஏன் மேஸ்திரி, வண்டி ஓடுதுதான?”

“ஓடுது.”

“அப்ப ஓட்டிட்டுப் போக வேண்டியதுதான?”

“உனக்கு அதெல்லாம் புரியாது ராஜாம்பா.”

ராஜாம்பாள் போய்விட்டாள். புரியவில்லை என்பதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கோவிந்தராசுவுக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல என்ஜின் எப்படிச் சத்தம் போடும் என்று ஒரு தடவை கேட்டு ஒப்பிட்டுப் பார்த்தால் என்ன? ரொட்டிக்காரர் சின்னக்கண்ணு மொபெட்டில் போய்க்கொண்டிருந்தார். போன வாரம்தான் மேஸ்திரி கையால் சர்வீஸ் ஆன மொபெட். நிறுத்தச் சொல்லி, நீள ரொட்டிக் கூடையை ஒதுக்கிவிட்டு, திருப்புளியை வைத்துக் கடித்தார்.

கிட் கிட் கிட்.

மேஸ்திரிக்கு வேர்த்துவிட்டது. தெருமுனையில் நின்ற ஆட்டோவைக் கடித்தார். அதுவும் அவர் பார்த்த வண்டிதான். அதிலும் கிட் கிட் கிட். ஷெட்டில் டெலிவரிக்கு நின்ற ஸ்கூட்டரைக் கடித்தார். அதிலும் இருந்தது.

திருப்புளியைக் கீழே போட்டுவிட்டு ஸ்கூட்டர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். தான் தொட்ட என்ஜினில் எல்லாம் ஒரே சத்தம். அப்படியென்றால் கோளாறு என்ஜினில் இல்லை. தன் கையில். எதையோ, எங்கேயோ, எல்லா வண்டியிலும் ஒரே மாதிரி தப்பாக மாட்டிக்கொண்டிருக்கிறோம். இருபது வருஷத் தொழில் கைவிட்டுப் போய்விட்டது. உள்ளங்கை இரண்டையும் விரித்துப் பார்த்துக்கொண்டார். அழுகை வந்தது. கிரீஸ் கையால் கண்ணைத் துடைத்ததில் இன்னும் கொஞ்சம் வந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் செய்யவே மாட்டேன் என்றிருந்த ஒரு காரியத்தைச் செய்தார். நெல்லித்தோப்புக்குப் போய் ஜானகிராமன் வீட்டுக் கதவைத் தட்டினார்.

ஜானகிராமனும் அதே மில்லில் மெஷின் மேஸ்திரிதான். அவரும் பல்லால் கேட்கிறவர்தான். யார் பல் பெரிய பல் என்பதில் இருவருக்கும் மில்லிலேயே தகராறு. மில் மூடியதும் அவரும் ஒரு ஷெட் போட்டார். அதிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது.

“என்னய்யா கோயிந்தா, வழி தவறி வந்துட்டியா?”

“ஜானகி, என் கை போயிடுச்சுய்யா,” என்று எடுத்த எடுப்பிலேயே உடைந்தார் கோவிந்தராசு. நடந்ததையெல்லாம் சொன்னார்.

ஜானகிராமன் சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. வாசல்வரை வந்து தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, “ஞாயித்துக்கெழமை கிரவுண்டுக்கு வரேன். நானே கடிச்சுப் பாக்கறேன்,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை லாஸ்பேட்டையில் ஊரே கூடியிருந்தது. ஓடுதளத்தின் ஓரத்தில் கயிறு கட்டி ஜனங்களை நிறுத்தியிருந்தார்கள். ராஜாம்பாள் டீ கேனோடும் பன் கூடையோடும் வந்திருந்தாள். தேவதாஸின் அப்பா பட்டாள மெடல்களைக் குத்திக்கொண்டு, முன்வரிசையில் விறைப்பாக நின்றார். மேஸ்திரியிடம் வண்டி விடுவதாகச் சொன்ன நான்கு பேரும் ஒரே மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு நாளாக கார்புரேட்டரோடு மல்லுக்கட்டியதில் இருமல் நின்றிருந்தது. புதுப் பிஸ்டனும் பழகியிருந்தது. காலையில் ஒரு சுற்று சுற்றிவந்த தேவதாஸ் முகமெல்லாம் பல்லாக வந்து நின்றான்.

“மேஸ்திரி, ராக்கெட்டு! நான் இதுவரைக்கும் இந்த மாதிரி வண்டியே ஓட்டுனதில்ல. மேர்சி மேஸ்திரி, மேர்சி!” அப்பாவிடம் கற்ற பிரெஞ்சு நன்றி அது.

“என்ஜினை அணைக்காத,” என்றார் கோவிந்தராசு. “ஜானகி, கடி.”

ஜானகிராமன் தன் சொந்தத் திருப்புளியை வேட்டியில் துடைத்தார். அடுத்தவன் திருப்புளியைக் கடிக்கக் கூடாது என்று ஒரு தொழில் தர்மம் உண்டு. குனிந்து, கண்ணை மூடி, கடித்தார். கோவிந்தராசு சாமி கும்பிடுகிறவர் மாதிரி நின்றார்.

ஜானகிராமன் கண்ணைத் திறந்தார். திருப்புளியை வாயிலிருந்து எடுத்தார்.

“கேக்குது.”

“கிட் கிட் கிட்டுன்னா?”

“எனக்குக் கட் கட் கட்டுன்னு கேக்குது. ஆனா அதேதான்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “கோயிந்தா, ஒன்கிட்ட சொல்றதுக்கென்ன. என் ஷெட்டு வண்டியிலயும் அதேதான் கேக்குது. ஊரு சிரிக்குமேன்னு நான் வெளியில சொல்லல.”

கோவிந்தராசுவுக்கு ஒரு நிமிஷம் உயிர் வந்தது. கை போகவில்லை! பெரிய மேஸ்திரி இரண்டு பேருக்கும் சத்தம் கேட்கிறது. அடுத்த நிமிஷமே வந்த உயிர் திரும்பிப் போனது. அப்படியானால் சத்தம் நிஜம். ஊருக்கு வந்த பேரிங் எல்லாமே சொத்தையோ என்னவோ. இந்த வேகத்தில் உள்ளே பிஸ்டனைத் தாங்குகிற ராடு உடைந்தால் சக்கரம் இறுகி, தேவதாஸ் தூக்கி எறியப்படுவான்.

“தம்பி, எறங்கு.”

“என்ன மேஸ்திரி?”

“எறங்குடா! என்ஜினைத் தொறக்கணும்.”

“இப்பவா? பேரு கூப்பிட்டுட்டாங்க மேஸ்திரி! வண்டி பறக்குது!”

“பறக்கறதுதான்டா பயம். ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒங்க அப்பாருக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? ரேஸ் அடுத்த வருஷமும் வரும். உன் காலு வராது.”

தேவதாஸ் கெஞ்சினான். ஜானகிராமன் சாவியை உருவிக்கொண்டார். பெரியவர்கள் இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர் நிற்பதைப் பார்த்ததும் வண்டியைவிட்டு இறங்கினான். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தான்.

ஹெட் கழன்றது. சிலிண்டர் கழன்றது. பிஸ்டன் கண்ணாடியாக மின்னியது. கோவிந்தராசு ராடைப் பிடித்து மேலும் கீழும் இழுத்துப் பார்த்தார், ஆட்டமே இல்லை. ஜானகிராமன் பின்னை நெம்பிப் பார்த்தார், அசையவில்லை. ஒவ்வொரு சாமானாகத் துடைத்து, வெயிலில் காட்டி, பழைய வேட்டியில் வரிசையாக வைத்தார்கள். கடைசிச் சாமானை வைத்தபோது, ஓடுதளத்தின் மறுகோடியில் கொடி இறங்கியது. பதினைந்து வண்டிகள் ஒன்றாக அலறிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போயின.

மரத்தடியில் நின்ற நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கூட்டத்துக்குள் கலந்துபோனார்கள். தேவதாஸின் அப்பா மெடல்களை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார்.

“ஒரு குறையும் இல்லையே ஜானகி,” என்றார் கோவிந்தராசு. “ஒரு குறையும் இல்லாத என்ஜின்யா இது.”

“அப்ப அந்தச் சத்தம்?”

“அதான்யா எனக்கும் புரியல. ஒனக்கும் கேட்டுச்சுல்ல?”

“நல்லாக் கேட்டுச்சு.”

“ரெண்டு பேருக்கும் ஒண்ணா கேக்கணும்னா சத்தம் இருக்கத்தான வேணும்?”

“இருக்கத்தான வேணும்.”

எங்கே இருக்கிறது என்று மட்டும் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. இரண்டு மேஸ்திரிகளும் அக்கக்காகக் கிடந்த என்ஜின் பக்கத்தில் களைத்துச் சாய்ந்தார்கள். ராஜாம்பாளுக்கே மனசு கேட்கவில்லை. கேனைத் தூக்கிக்கொண்டு வந்து ஆளுக்கு ஒரு டீயும் ஒரு பன்னும் கொடுத்தாள்.

கோவிந்தராசு கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார். ஜானகிராமனும் அதே மாதிரி திரும்பினார். இரண்டு பேர் கையும் ஒரு தரம் வாய்க்குப் போய், அங்கிருந்து சட்டைப்பைக்குள் போய், வெறுங்கையாகத் திரும்பிவந்தது. பன்னை டீயில் முக்கினார்கள்.

இடுப்பில் கை வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்த ராஜாம்பாள் கேட்டாள்:

“ஏன் மேஸ்திரி, மில்லு சங்கத்துப் பல் முகாம்ல ரெண்டு பேருக்கும் ஓசியில புதுசா கட்டிவிட்ட பல்செட்டு, லொடலொடன்னு ஆடுதுன்னு பன்னு திங்கக்கூட கழட்டிப் பையில போட்டுக்கிறீங்களே, என்ஜினைக் கடிக்கறப்ப மட்டும் அதை எதுக்கு மாட்டிக்கிறீங்க?”