முகத்துவாரம் வெட்டாமலே வடிந்த தண்ணீர்

படிக்காதவன் மடத்தனம் செய்தால் யாராவது தடுப்பார்கள். படித்தவன் செய்தால் வழிவிட்டு நிற்பார்கள். நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

யுத்த காலம். பல்கலைக்கழகத்தை மூடிவிட்டார்கள். மூன்றாம் வருடக் கணித மாணவனான நான், மண்டூருக்குப் பக்கத்தில் வாவிக்கரையோரம் இருந்த அக்கா வீட்டில் தின்றுகொண்டு கிடந்தேன். (வேறு வேலை எதுவும் செய்ததாக அக்கா சொல்லமாட்டாள்.) மாரி மழையில் வாவி ஏறிக்கொண்டே வந்தது. கடலோரத்து முகத்துவாரத்தில் மணல்மேட்டை வெட்டிவிட்டால்தான் வாவித் தண்ணீர் இறங்கும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த முறை வெட்டுவதற்கு இராணுவ முகாமில் அனுமதி கிடைக்கவில்லை.

நான் கிணற்றடித் தென்னையில் கோடு கீறி, தினமும் காலையில் ஆறு நாள் தண்ணீரை அளந்தேன். ஆறு அளவையும் அச்சொட்டாகத் தொட்டுப்போகும் ஐந்தாம் படிப் பல்லுறுப்பிக் கோவை ஒன்றைக் கண்டுபிடித்து, வரைபுத்தாளில் வளைகோடாகப் போட்டேன். மூன்றாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் நடுவே கோடு கொஞ்சம் தொய்ந்தது. நாங்கள் பார்க்காத நேரம் தண்ணீர் இறங்கி ஏறியிருக்கும் என்று தண்ணீரில் பிழை பிடித்தேன். ஆறாம் நாளுக்குப் பிறகு கோடு அழகாகக் கீழே கவிழ்ந்தது.

அன்று அத்தான், வருடச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த பன்னிரண்டு மூட்டை நெல்லை மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்கு ஏற்றுவதற்காக ஓர் உழவு மெசின் கொண்டு வந்திருந்தார். டீசல் கிடைக்காத நாளில் யார் யாரிடமோ கெஞ்சிப் பிடித்தது. நான் தாளோடு போய் வழிமறித்து, நாளைக்கே தண்ணீர் இறங்கிவிடும் என்றேன்.

“முகத்துவாரம் வெட்டாம எப்படித் தம்பி இறங்கும்?”

“கணக்கு அப்படித்தான் வருது அத்தான்.”

அவர் ஆறாம் வகுப்போடு நின்றவர். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். படித்த மச்சானை மெசின்காரன் முன்னால் குறைவாகக் காட்டக்கூடாதென்று மெசினைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

மறுநாள் தண்ணீர் வாசலுக்கு வந்தது. அதற்கடுத்த நாள் வீட்டுக்குள் நெஞ்சளவு. நனைந்த மூட்டையைத் தூக்கப் போய் நானும் மூட்டையோடு விழுந்தேன். ஐந்து நாள் கழித்து முகத்துவாரம் வெட்டினார்கள். தண்ணீர் என்னைக் கேட்காமலே மளமளவென்று இறங்கியது. நெல் முளைத்துப்போயிருந்தது.

காயவைத்துக் குற்றியதில் வந்த சோறு நாறியது. மாதக்கணக்கில் அதைத்தான் தின்றோம். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்கின. அக்கா எனக்குத்தான் முதலில் போட்டாள். இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

பல்கலைக்கழகம் திறந்தபின் நூலகத்தில் ஒரு புத்தகம் கிடைத்தது. ஏறிக்கொண்டே போகிற ஒன்றுக்குக் கோடு போடுவதானால், எங்கேயும் இறங்கக்கூடாது என்று முதலிலேயே கோட்டைக் கட்டிவைக்க வேண்டுமாம். அளவுகளை விட்டுச் சற்று விலகிப் போனாலும் பரவாயில்லை, ஏறுகிற வடிவம் கெடக்கூடாது. வடிவம் காக்கும் பல்லுறுப்பி என்று அதற்குப் பெயர். அத்தான் வாசலில் நின்று கேட்ட ஒற்றைக் கேள்வியை இரண்டு அத்தியாயத்தில் எழுதிவைத்திருந்தார்கள். அதைத்தான் பிறகு முப்பது வருடம் மாணவர்களுக்குப் படிப்பித்துச் சம்பளம் வாங்கினேன்.

அண்மையில் அத்தான் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். பார்க்கப் போன நான் சும்மா இருக்காமல், நாளைக்குக் காய்ச்சல் இறங்கிவிடும் என்று தைரியம் சொன்னேன். அவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்:

“ஏன் தம்பி, முகத்துவாரம் வெட்டிட்டாங்களா?”