புளியில் குளித்த கிரேக்க யானை

ஒத்துக்கொள்கிறேன். பித்தளையிலோ செம்பிலோ பச்சையாகக் களிம்பைப் பார்த்துவிட்டால் என் கை சும்மா இருக்காது. எங்கள் வீட்டில் வியாழக்கிழமை விளக்கு தேய்க்கும் இலாகா என்னுடையது. (கல்யாணமான புதிதில் ஒருநாள் நன்றாகத் தேய்த்துத் தொலைத்தேன். அன்றிலிருந்து பர்மனென்ட்.)

நாங்கள் இருக்கும் அமெரிக்க ஊரான ரிச்சர்ட்சனில், என் ஆபீஸ் மேனேஜர் கிரெக், பழங்கால கிரேக்க வெண்கலக் காசுகள் சேர்ப்பவர். "உன்கிட்ட நல்ல கேமரா இருக்கே, ஒரு காசை ஃபோட்டோ எடுத்துத் தர்றியா?" என்றார். அந்த வாரம் என் கிரீன் கார்டு ஃபைல் அவர் கையெழுத்துக்குக் காத்திருந்தது. கிட்னியைக் கேட்டிருந்தாலும் கழற்றிக் கொடுத்திருப்பேன்.

காசில் ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் யானை. அலெக்சாண்டருக்குப் பின் வந்த ராஜா ஒருவர், இந்தியாவிலிருந்து யானைகள் வாங்கிய பெருமையில் அடித்த காசாம். ஆனால் யானை தெரிந்தால்தானே? உடம்பெல்லாம் பச்சை. ஐயோ பாவம், தேய்க்க ஆளில்லை போல என்று புளியைக் கரைத்து உப்பும் போட்டேன். பத்தே நிமிஷம். யானை தங்கமாக மின்னியது!

"வித்யா, இங்க வந்து பாரேன்!"

என் மனைவி பார்த்தாள். முகம் வெளுத்தது. செல்போனில் ஏதோ தேடி என் மூக்குக்கு நேரே நீட்டினாள். அந்தப் பச்சைக்குப் பெயர் பாட்டினாவாம். இரண்டாயிரம் வருஷம் மண்ணுக்குள் கிடந்து வளர்ந்த தோல். காசுக்கு மதிப்பே அதுதானாம்.

"கையெழுத்து போடறவர் காசையா தேய்ச்சீங்க?"

மறுநாள் கிரெக் அறையில் நின்று உண்மையைச் சொன்னேன். (கம்ப்யூட்டரில் ஃபோட்டோவுக்குப் பச்சை பூசிவிடலாமா என்று காரில் யோசித்ததை மட்டும் சொல்லவில்லை.)

அவர் காசைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். மேஜையில் என் ஃபைல், அதன் மேல் அவர் பேனா. நானும் வித்யாவும் சென்னை ஏர்போர்ட்டில் ஆறு பெட்டியோடு நிற்பது எனக்குக் கண்ணெதிரே தெரிந்தது.

"எதுல கழுவின?"

"டாமரிண்ட்."

"சாப்பிடுவீங்களே, அதுவா?"

"ஆமா. ரசம் வைப்போம்."

பேனாவை எடுத்தார். "நீ எழுதற கம்ப்யூட்டர் கோடுக்குத்தான் இந்தக் கையெழுத்து. இனிமே என் காசைத் தொட்டே..." முடிக்காமல் கையெழுத்தைப் போட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்கும்தான். அவருடையது யானைக்காக.

எத்தனையோ வருஷம் கழித்து கிரீன் கார்டு தபாலில் வந்தது. வித்யா கவரைப் பிரித்தாள். நான் ஆசையாகக் கையை நீட்ட, சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். இன்றுவரை வீட்டுக்கு யார் வந்தாலும், அன்று அவள் சொன்னதை ஒருமுறை சொல்லிக் காட்டாமல் காபி தருவதில்லை.

"இதுவும் பச்சையாத்தான் இருக்கு. நீங்க தொடாதீங்க!"